மாசிலாமணி கட்டிய பூதம்

வெள்ளாங்கரையில் பொம்மை கட்டக் கற்றுத் தருகிறவள் பிலோமினா. வயது முப்பத்து நாலு, வலை பின்னுகிறவள். அவளிடம் சிஷ்யனாகச் சேர்ந்தவரோ ரிட்டையரான ஓவர்சியர் மாசிலாமணி. அறுபத்து ரெண்டு வயசு. குருவை அவர் "டீச்சர்" என்பார். குரு அவரை "சார்" என்பாள்.

அந்த ஊருக்கு ஒரு வழக்கம். மாசி மாதம் முழுக்க வாய்க்காலில் அள்ளுகிற பிளாஸ்டிக்கை வைத்தே ஒரு பூதம் கட்டுவார்கள். பங்குனி முதல் ஞாயிறு அதைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக ஊர்வலம். போன வருஷப் பூதம் மாடி உயரம். ஆறு பேர் தூக்கினார்கள். "இவ்வளவுமா நாம போட்டது!" என்று ஜனம் வாயில் கைவைத்தது.

இந்த வருஷப் பூதம் மாசிலாமணியின் பொறுப்பு. முதல் பூதம், விடுவாரா மனுஷன்? "போன வருஷத்தை மிஞ்சிக் காட்டறேனா இல்லையா பாருங்க" என்று டீக்கடை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

மாசி முடிந்தது. மூங்கில் சட்டம் மாடி உயரம் நின்றது; கிடைத்த கவரும் பாட்டிலும் பூதத்தின் இடுப்போடு சரி. வாய்க்காலை மூன்று தடவை அரித்துப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை.

ஊர்வலத்தன்று காலை பிலோமினா வந்தபோது பூதம் முழுசாக நின்றது. மார்பு, தலை, கொம்பு எல்லாம் பளபளவென்று.

அவள் ஏணியில் ஏறிக் கொம்பை முகர்ந்து பார்த்தாள்.

"சேத்து வாசனையே இல்லையே சார்?"

மாசிலாமணி தலையைச் சொறிந்தார். "குறைஞ்சதுக்குக் கடையில நாலு கட்டு புதுக் கவர் வாங்கினேன் டீச்சர்."

பிலோமினா திட்டவில்லை. கத்தியை எடுத்தாள். இடுப்புக்கு மேலே இருந்ததையெல்லாம் அறுத்து மூட்டையாகக் கட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"இது உங்க வீட்டுலயே இருக்கட்டும்."

மிச்சத்தைப் பிரித்துக் குட்டிப் பூதம் ஒன்று கட்டினாள். கை, கால், கொம்பு எதற்கும் குறைவில்லை. உயரம்தான் மாசிலாமணியின் தோள் வரை.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "என் மானம் போயிடும் டீச்சர். இந்த நோஞ்சானைப் பார்த்து எவன் பயப்படுவான்? எவன் திருந்துவான்?"

"தூக்குங்க சார்."

"ஆறு பேர் வரணுமே?"

"நீங்க ஒருத்தரே போதும்."

மேளம் முழங்கியது. மாசிலாமணி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். மீன் மார்க்கெட் முனையில் நல்ல கூட்டம். பூதத்தைப் பார்த்ததும் மீன்காரி சூசையம்மாள்தான் முதலில் கத்தினாள்.

"அடியே பிலோ! என்னடி இது, பூதம் இப்படி இளைச்சுப் போச்சு?"

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார்.

சூசையம்மாளின் தோளில் தொங்கிய துணிப்பையைப் பார்த்தபடி பிலோமினா பதிலுக்குக் கத்தினாள்.

"நீங்கதான் ஒரு வருஷமா தீனி போடலையே அக்கா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள். மாசிலாமணி மெல்லக் கண்ணைத் திறந்தார். அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தியும் தன் பையைத் தூக்கித் தூக்கிப் பூதத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த தெருவுக்குள் நுழையும்போது பூதத்தை அவர் ஒற்றைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார்.

ஊர்வலம் முடிந்ததும் கேட்டார்.

"அப்போ அடுத்த வருஷம் எவ்வளவு உயரம் கட்டணும் டீச்சர்?"

"கைய வீசிட்டு வாங்க சார். மேளத்துக்கு மட்டும் சொல்லி வச்சிடுங்க."