பந்தயக் காளையும் ஹைப்ரிட் காரும்

உடுமலை தேங்காய் மண்டி முதலாளி நாச்சிமுத்து, பெட்ரோல் செலவு பாதியாகும் என்று ஹைப்ரிட் கார் வாங்கினார். மறுநாளே தேங்காய் மூட்டை ஏற்றிய டிரெய்லரை அதன் பின்னால் மாட்டச் சொன்னார்.

"இத்தனை பாரம் இழுத்தா பெட்ரோலையும் குடிக்கும், ரிப்பேர் செலவும் வைக்குங்க" என்றான் டிரைவர் கனகு.

"அத்தனை விலை குடுத்திருக்கேன், இழுக்கட்டும். முடியலைன்னா நீ வேலைக்கு வர வேண்டாம்."

"சரிங்க" என்ற கனகு நேரே தொழுவத்துக்குப் போனான். முதலாளியின் ரேக்ளா காளையை அவிழ்த்து வந்து, ஏரில் பூட்ட நுகத்தடியைத் தூக்கினான்.

முதலாளி பதறி ஓடிவந்தார். "ஏண்டா, பந்தயக் காளைய எவனாச்சும் ஏர்ல பூட்டுவானா?"

"இதுக்கும் நல்ல விலைதானுங்களே குடுத்தீங்க."

முதலாளி காளையைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு டிரெய்லரைத் தானே கழற்றிவிட்டார்.

மூட்டைகள் டிராக்டரில் போயின. கனகு காரில் போனான், முதலாளியைப் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு.