எந்தப் பேச்சி?

"என் குரல்ல என்ன குறை, டாக்டரம்மா? நீங்களே சொல்லுங்க."

கேட்டவர் மாடக்கண்ணு. முப்பது வருசம் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியாமல், மலையடிவாரத்துத் தர்ம ஆஸ்பத்திரியில் உதவியாளாகச் சேர்ந்திருந்தார். நோயாளிகளைக் கூப்பிட்டு உள்ளே அனுப்ப வேண்டும், மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். தொழில் சொல்லித் தருகிற டாக்டர் மெஹருன்னிசாவுக்கு அவர் மகள் வயசு.

"குறை ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி. தெருமுனை வரைக்கும் கேக்குது."

"பிறகு ஏன் கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேங்காவ? 'காய்ச்சல் வாங்க'ன்னா ஓடி வாராவ. 'மூலம் யாரு'ன்னு கேட்டா அத்தனை பேரும் கூரையப் பாக்காவ. மூலம் வந்தா காதும் அடைச்சிருமா? எனக்கு விளங்கவே இல்ல."

மனுசன் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் வேடிக்கை.

டாக்டர் ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"பேச்சியம்மாள். டி.பி. மாத்திரை சாப்பிடுறவங்க. மூணாவது மாசம். பத்து நாளா வரல."

"வராட்டி?"

"நோய் திரும்பிரும். அப்புறம் இந்த மாத்திரைக்கு அடங்காமலும் போகலாம்."

மாடக்கண்ணு பதறிப்போனார்.

"ஐயையோ! அன்னைக்கு நாலு தடவ கூப்பிட்டேனே. 'டி.பி. மாத்திரை யாரு, டி.பி. மாத்திரை'ன்னு. யாரோ எந்திரிச்சு வெளியதான் போனாவ."

"நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க. தெரு பேரு சீட்டுல இருக்கு. ஆனா எங்கருந்து வாரீங்க, எதுக்குத் தேடுறீங்கன்னு யாரு கேட்டாலும் சொல்லக்கூடாது."

"ப்பூ, இவ்வளவுதானா!"

மாடக்கண்ணு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தெரு முக்கில் ஒரு டீக்கடை.

"பேச்சியம்மா வீடு எதுங்க?"

கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே கேட்டார். "எந்தப் பேச்சி? இந்தத் தெருவுல நாலு பேச்சி."

மாடக்கண்ணு வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"கறுப்பா, சிவப்பா?"

தெரியவில்லை.

"யாரு மக? யாரு பொண்டாட்டி?"

அதுவும் தெரியவில்லை. மூன்று மாசச் சீட்டில் பாதிக்கு மேல் இவர் கையால் மாத்திரை போயிருக்கிறது. ஒரு நாளாவது அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்திருந்தால்தானே! அவளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதைத்தான் சொல்லக்கூடாது.

"என்ன அண்ணாச்சி, ஆளத் தேடி வந்துட்டு முழிக்கீரு? மாடிவீட்டுப் பேச்சியா? தறிக்காரப் பேச்சியா? சின்னப் பேச்சியா?"

மாடக்கண்ணு தலையைச் சொறிந்தார்.

"அப்போ டி.பி. பேச்சியா?"

மாடக்கண்ணுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அது... யாரு வச்ச பேரு?"

"ஆஸ்பத்திரில வச்சதாம். யாரோ ஒருத்தன் பஸ்ஸுல கூவுத மாதிரி கூவியிருக்கான். நம்ம தெரு ஆளுவ ரெண்டு பேரு அங்கதான் இருந்திருக்காவ. அதுக்கு முந்தி அவ பூக்காரப் பேச்சி." கிளாஸை நீட்டினார். "இப்ப அவகிட்ட எவன் பூ வாங்குதான்?"

மாடக்கண்ணு டீயைத் தொடவில்லை.

கடைக்காரர் கைகாட்டிய நாலாவது வீடு. வாசலில் ஒரு பெண் தொடுத்த பூவை ஈரத்துணியால் மூடிக்கொண்டிருந்தாள். முப்பது வயசு இருக்கும். மூக்குத்தி, ஒடுங்கிப்போன கன்னம். நிமிர்ந்தவள் ஆளைக் கண்டதும் சட்டென்று எழுந்து நிலைப்படியோடு ஒட்டி நின்றாள்.

"இங்கயும் வந்துட்டீங்களா?"

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எதிர்வீட்டுத் திண்டில் இருந்த ரெண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டு இவரையே பார்த்தார்கள்.

"ரெண்டு முழம் பூ குடு, தாயி."

அவள் நம்பாமல் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அளந்தாள். இலையில் மடித்து நீட்டினாள்.

வாங்கும்போது குனிந்தார். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நாளைக்கு நீ வந்தா, உன்னைய எப்படிம்மா கூப்பிடணும்?"

அவள் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"இப்படி," என்றாள்.