விருத்தாசலம் வழி

விழுப்புரத்துக்கு வெளியே தவமணியம்மாள் நடத்திவந்த தியான மன்றத்தில் கோதண்டபாணி சேர்ந்தபோது, அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. அம்மாள் அவரைவிட வெகு இளையவர். அவர் "அம்மா" என்பார். அம்மாள் "ஐயா" என்பார்.

கோதண்டபாணிக்கு ஒரே தம்பி, வைத்திலிங்கம். திருச்சியில் இருந்தான். அப்பாவின் சாவுக்கு அவன் வரவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் வந்து வாசலில் நின்றான்.

"அண்ணா, நான் ஏன் வரலைன்னா..."

"காரணம் எதுவும் சொல்லாதே. போ" என்றார் கோதண்டபாணி. கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஒருநாள் விடியற்காலையில் தம்பி மனைவி கலாவதி போன் செய்தாள்.

"மாமா, அவருக்குத் தொண்டையில புத்துநோய். இன்னிக்கு மதியம் ஆபரேஷன். குரல்வளையை எடுத்துடுவாங்களாம். அப்புறம் பேச்சு வராது. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு சொல்றார். வருவீங்களா?"

கோதண்டபாணி அம்மாளிடம் போய்ச் சொன்னார்.

"இப்பவே கிளம்புங்க ஐயா."

கிளம்பினார். திருச்சிக்குச் சீட்டு எடுத்தார். விருத்தாசலம் வழியாகப் போகும் வண்டி நேரத்துக்கு வந்தது. ஏறியிருந்தால் மதியத்துக்கு முன்பே ஆஸ்பத்திரியில் இருக்கலாம்.

அவரால் ஏற முடியவில்லை. போய் முதலில் என்ன சொல்வது? எந்த முகத்தோடு அவன் முன்னால் நிற்பது? பெட்டிக் கதவுக்கு எதிரே நின்றுகொண்டே இருந்தார். வண்டி நகர்ந்துவிட்டது.

பக்கத்துப் பிளாட்பாரத்தில் இன்னொரு வண்டி நின்றது. கூடையோடு ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டார்.

"இது திருச்சி போகுமாம்மா?"

"போகும். ஆனா சிதம்பரம், மாயவரம், தஞ்சாவூர்னு சுத்திக்கிட்டுப் போகும். போய்ச் சேர சாயங்காலம் ஆயிடும்."

"பரவாயில்லை" என்று ஏறிக்கொண்டார். ஏறியதும் மனசு லேசானது. திருச்சிக்குத்தானே போகிறோம் என்று நினைத்துக்கொண்டார். என்ன பேசுவது என்று யோசிக்க நேரமும் கிடைத்தது.

சிதம்பரம் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இது விருத்தாசலம் வழிச் சீட்டு. இந்த வண்டிக்குச் செல்லாது."

"ரெண்டும் திருச்சிக்குத்தானே சார் போகுது?"

"ஊர் ஒண்ணுதான். வழி வேற. இது சுத்து வழி, தூரம் அதிகம். வித்தியாசத்தைக் கட்டிடுங்க." பரிசோதகர் அவருடைய நரைத்த தலையைப் பார்த்தார். "தெரியாம ஏறிட்டீங்களா?"

"ஆமா சார். தெரியாமதான்" என்றார் கோதண்டபாணி.

ஆஸ்பத்திரியில் கலாவதி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"முடிஞ்சிடுச்சு மாமா. நல்லபடியா முடிஞ்சிடுச்சுன்னு டாக்டர் சொன்னார்."

அவர் தலையசைத்தார்.

"காலையிலேர்ந்து அண்ணன் வந்துட்டாரா, அண்ணன் வந்துட்டாரான்னு கேட்டுட்டே இருந்தார். உள்ளே தள்ளிட்டுப் போறப்பவும் அதையேதான் கேட்டார். அதுக்கப்புறம் பேச்சு இல்லை."

மறுநாள் காலையில்தான் தம்பியைப் பார்க்க விட்டார்கள். கழுத்தைச் சுற்றிக் கட்டு. கண் மட்டும் பழைய வைத்திலிங்கத்தின் கண். அண்ணனைப் பார்த்ததும் அவன் விரலை அசைத்துக் காகிதம் கேட்டான். நர்ஸ் ஒரு தாளும் பேனாவும் கொடுத்தாள். கோணல் எழுத்தில் எழுதிக் காட்டினான்.

'சாப்ட்டியாண்ணா?'

கோதண்டபாணி தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கட்டில் ஓரத்தில் நின்றார். பிறகு வெளியே வந்துவிட்டார். அன்றைக்கே ஊர் திரும்பினார்.

மன்றத்தில் அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கோதண்டபாணி எதிரே உட்கார்ந்து, வண்டியைத் தவறவிட்டது முதல் எல்லாவற்றையும் சொன்னார். பரிசோதகரிடம் சொன்ன பொய்யையும் விடவில்லை. கடைசியில் கேட்டார்.

"சுத்து வழியில போனாலும் அந்த ஊருக்குத்தானேம்மா போய்ச் சேர்ந்தேன். அது செல்லாதா?"

"சீட்டைக் கேக்கறீங்களா ஐயா?"

அவர் கீழே கிடந்த ஒரு கீரைத்தண்டை எடுத்துக் கிள்ளினார்.

"சீட்டுன்னா, வித்தியாசத்தைக் கட்டிட்டீங்க. செல்லும்."

"மத்தது?"

அம்மாள் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"தம்பி எழுதிக் காட்டினதும் நீங்க என்ன சொன்னீங்க?"

"தலையை ஆட்டினேன்மா."

"வாயைத் திறந்து?"

"ஒண்ணும் சொல்லலை."

"யோசிச்சு வச்சிருந்தீங்களே, வண்டியில."

"நிறைய யோசிச்சேன். தஞ்சாவூர் வர்றதுக்குள்ள எல்லாம் மனப்பாடமே ஆயிடுச்சு. அவன் அப்படிக் கிடந்ததைப் பார்த்ததும்..." கோதண்டபாணி சொம்பைக் கீழே வைத்தார். "இனிமே என்னம்மா இருக்கு? அவன்கிட்டேர்ந்து ஒரு வார்த்தை இனிமே எனக்குக் கிடைக்காது. அன்னிக்கு வாசல்ல சொல்ல வந்தவனை நான்தான் சொல்ல விடலை. இப்பவும் விடலை. எல்லாம் முடிஞ்சு போச்சு."

அம்மாள் ஆய்ந்த கீரையை ஒதுக்கி வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தார்.

"தம்பிக்குக் காது கேக்குதா ஐயா?"