ராயர் பிடித்துக் காட்டிய மடக்குக் கத்தி

முன்னொரு காலத்தில் கோடைமலை நாட்டை வாகைமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். ஆனால் பளபளப்பாக எதைக் கண்டாலும் மயங்கிவிடுவான். அவனுக்கு ஆயுதசாலைத் தலைவராக வாய்த்தவர் மாணிக்கராயர். பிறந்தது முதல் ஒரு சண்டைக்கும் போகாத மனிதர். அவரிடம் போய் ஆயுதசாலைச் சாவியைக் கொடுத்தார்களே, எனக்கு முதல் கோபம் அங்கேதான்.

மலைப்பாதையில் உப்பு வணிகர்களுக்குத் துணை போகிற காவலர்களுக்கு நீண்ட வாள் உதவாது, புதரில் சிக்கும். இடுப்பில் செருகிக்கொள்ள மடக்குக் கத்தி கொடுக்கலாம் என்றார் அமைச்சர் கூத்தபிரான். யோசனை அமைச்சருடையது என்பதிலேயே ராயருக்கு வயிற்றெரிச்சல். அமைச்சரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கத்திகளைச் செய்து முடித்து, நேரே ராஜாவிடம் கொண்டுபோனார்.

பிடி முழுக்கத் தந்தம். கை வைத்தால் வழுக்கும். பிடிக்கும் அலகுக்கும் நடுவே விரலைத் தடுத்து நிறுத்த ஒரு மேடு இல்லை. விரித்த அலகு மடங்காமல் இருக்க ஒரு கொக்கியும் இல்லை. அதெல்லாம் வைத்தால் அழகு கெட்டுவிடுமாம். சபை நடுவே ஒரு வாழைத்தண்டைக் குத்திக் காட்டினார் ராயர். சுலபமாக இறங்கியது. ராஜா கைதட்டினான்.

வழிப்பறிக் கள்ளர்கள் வாழைத்தண்டா என்ன? காவலர்கள் ஓங்கிக் குத்தியபோது வியர்த்த கை வழுக்கி அலகின்மேல் ஏறியது. அதில் தப்பித்த காவலனுக்கு அலகு மடங்கி விரல்மேல் விழுந்தது. ஒருவர் பின் ஒருவராகக் கையில் கட்டோடு திரும்பினார்கள். சடையாண்டி என்ற காவலன் வணிகர்களைக் காப்பாற்றிக் கள்ளர்களை விரட்டிவிட்டான். ஆனால் அவனுடைய வலக்கையில் நான்கு விரல்களுக்கும் நரம்பு போய்விட்டது.

அவனுக்கு ஒரு பச்சிலை வைத்துக் கட்டச் சொல்லக்கூட அரண்மனையில் யாருக்கும் தோன்றவில்லை. ராயர் ராஜாவின் காதில் வேறு ஓதினார். "பிரபு, எதிரியின் கத்தி பட்டிருந்தால் தோளில் படும், மார்பில் படும். எல்லாருக்கும் விரலின் உட்புறத்திலேயே காயம் என்றால் என்ன அர்த்தம்? காவலுக்குப் பயந்து தாங்களே அறுத்துக்கொள்கிறார்கள்."

ராஜா அதை நம்பினான். கையை வெட்டிக்கொண்டு காவலைத் தட்டிக்கழிப்பவனுக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி நாடு கடத்த வேண்டும், வீடும் நிலமும் பறிபோகும் என்று சட்டம் போட்டான். முதலில் இழுத்துவரப்பட்டவன் சடையாண்டி. ரத்தம் சிந்தியவனையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற நியாயத்தை எந்த ஊரில் கண்டீர்கள்?

"மகாராசா, விரலை அறுத்துக்கிட்டு வீட்டுல உக்காந்து நான் என்னத்தத் திங்கப்போறேன்? ஏர் பிடிக்கவும் இதே கைதானே?" என்றான் சடையாண்டி.

ராயர் சிரித்தார். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கத்தியில் குற்றமில்லை பிரபு, இவர்கள் பிடிக்கிற கையில்தான் குற்றம்."

அமைச்சர் எழுந்தார். "கூடம் கோணலாகவும் இருக்கலாமே. ராயர் நாளைக்கு ஒருமுறை ஆடிக் காட்டட்டும். அதைப் பார்த்துக் காவலர்கள் பிடிக்கக் கற்றுக்கொள்வார்கள். அதுவரை தண்டனை நிற்கட்டும்."

எல்லாரும் பார்க்கத் தன் திறமையைக் காட்டலாம் என்றால் ராயர் விடுவாரா? மறுநாள் பட்டுத் தலைப்பாகையோடு வந்தார். சபை நடுவே ஒரு பனங்கட்டை நட்டிருந்தது.

"வாழைத்தண்டு எங்கே?" என்றார் ராயர்.

"அன்றைய கள்ளன் மெலிந்தவன். இவன் கொஞ்சம் தடித்தவன்" என்றார் அமைச்சர். ஒரு கிண்ணத்தில் மஞ்சள் கரைத்த நீரை நீட்டினார். "மங்கலமாகக் கையை நனைத்துக்கொள்ளுங்கள். காவலனின் கையும் வியர்வையில் இப்படித்தான் நனைந்திருக்கும்."

கத்தி வந்தது. "அலகில் ஏன் சுண்ணாம்பு பூசியிருக்கிறது?"

"உங்கள் வேலைப்பாட்டுக்குக் கண்பட்டுவிடக் கூடாதே."

ராயருக்கு உச்சி குளிர்ந்தது. கையை ஓங்கிப் பனங்கட்டையில் குத்தினார். கட்டை அசையவில்லை. ராயரின் கைதான் வழுக்கி முன்னே போனது. அடுத்த நொடி அலகும் மடங்கி விரல்கள்மேல் விழுந்தது. கையை விரித்துப் பார்த்தார். நான்கு விரல்களிலும் சிவப்புக் கோடு.

"ஐயோ, என் விரல் போச்சே" என்று உட்கார்ந்துவிட்டார்.

"ஒன்றும் போகவில்லை. அலகை நேற்றே கல்லில் தேய்த்து மழுக்கிவிட்டேன். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், அவ்வளவுதான்" என்றார் அமைச்சர். பிறகு சடையாண்டியின் கைக்கட்டுத் துணியை மெல்ல அவிழ்த்து, அவன் கையை ராயரின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அதே நான்கு விரல்கள், அதே இடம்.

"பிரபு, ராயரும் பயந்துபோய்த் தன் விரலைத் தானே அறுத்துக்கொண்டார் போலிருக்கிறது. உங்கள் சட்டப்படி இவரையும் கழுதைமேல் ஏற்றலாமா?"

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. அந்த இரண்டு கைகளையும் மாறிமாறிப் பார்த்தான்.

"ராயரே, கழுதை வேண்டாம். சாவியை வைத்துவிட்டு, தீட்டிய கத்தியோடு நாளை உப்பு வணிகர்களுக்குத் துணை போய்வாரும். உம் கத்திதானே, பயமென்ன?" என்றான். ராயர் காலில் விழுந்து, அழகுக்காகவே மேட்டையும் கொக்கியையும் விட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டார். அப்போதும் சாவி போனது போனதுதான். சொரசொரப்பான மான்கொம்புப் பிடியும் மேடும் கொக்கியும் வைத்து, காவலர்கள் பிடித்துப் பார்த்துச் சரி என்ற பிறகே இனிக் கத்தி கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்தப் பொறுப்பை அமைச்சரிடம் கொடுத்து, தன் முத்துமாலையையும் அவர் கழுத்தில் போட்டான் ராஜா.

பிறகு தன் பொற்காப்பைக் கழற்றிச் சடையாண்டியிடம் நீட்டினான். ராஜா தருவதை இடக்கையால் வாங்குவது வழக்கமில்லை. சடையாண்டி வலக்கையை நீட்டினான். விரல்கள் மூடவில்லை. காப்பு நழுவித் தரையில் உருண்டது.

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி, குனிந்து, தானே அதை எடுத்து அவன் மணிக்கட்டில் மாட்டினான்.

அதன்பின் ராஜா சுகமாக இருந்தான், நாடும் சுகமாக இருந்தது. சடையாண்டியின் விரல்கள்தான் கடைசிவரை மடங்கவே இல்லை.