எல்டர் வாய்புலு சுமந்த தந்தை

சிங்காநல்லூரில் லேத் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு தெருவில், நாள்தோறும் கதவுகளைத் தட்டி ஆண்டவரின் பெயரைச் சொல்லி நடந்தார் ஓர் இளைஞர். வயது பத்தொன்பது. பெருங்கடலின் நடுவே கிடக்கும் தொங்கா என்னும் சின்னஞ்சிறு நாட்டிலிருந்து வந்தவர். ஊரில் தந்தையோடு கிழங்குத் தோட்டத்தில் மண் வெட்டிக்கொண்டிருந்தவர். மார்மன் சபை என்று பிறர் சொல்லும் திருச்சபையின் பிள்ளைகள், இளமையில் இரண்டு ஆண்டுகளை இறைவனுக்கென்று ஒதுக்கிவைத்து, அனுப்பிய ஊருக்குப் போய் ஊழியம் செய்வார்கள். அப்படி வரும் இளைஞரை ‘எல்டர்’ என்று அழைப்பது வழக்கம். மூத்தவர் என்று பொருள். வாய்புலு என்பது குடும்பப் பெயர். ஆகவே மீசை சரியாக அரும்பாத அந்தப் பிள்ளை, எல்டர் வாய்புலு ஆனார்.

காலை ஆறரைக்கு எழுந்து கட்டிலருகே முழந்தாளிடுவார். பிறகு முந்தைய நாளின் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காயப்போடுவார். கழுத்துப்பட்டையில் படிந்த பட்டறைத் தெருவின் கரி எளிதில் போகாது. தேய்த்துத் தேய்த்து விரல் சிவந்துவிடும். அவரோடு தங்கியிருந்த ராஜமுந்திரிக்காரர் எல்டர் யேசுபாதம், “விடுங்க, யார் பார்க்கப் போறாங்க?” என்பார். வாய்புலு சிரித்துவிட்டுத் தொடர்ந்து தேய்ப்பார்.

ஆறடிக்கு மேல் உயரம் அவர். எந்த வாசலிலும் குனிந்துதான் நிற்பார். “வணக்கம். இயேசு கிறிஸ்துவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். உங்களுக்கு நேரம் இருக்கிறதா?” என்று மனப்பாடம் செய்த தமிழில் கேட்பார். “வேலையா இருக்கோமுங்க” என்று கதவு சாத்தப்படும். சாத்திய கதவுக்கும் ஒரு நன்றி சொல்லிவிட்டே நகர்வார்.

அந்தத் தெருவில் நஞ்சப்பன் என்ற பட்டறைக்காரர் இருந்தார். அவருக்கு இந்தப் பெயரே பெரிய வேடிக்கை. “வாங்க வாய்ப்புழு! இன்னைக்கு எத்தன பேரப் புடிச்சீங்க?” என்று உரக்கக் கேட்பார். பட்டறையே சிரிக்கும். ஒருநாள் வாய்புலு பணிவோடு நீட்டிய துண்டுப் பிரசுரத்தை வாங்கி, அவர் கண்ணெதிரே கையிலிருந்த கிரீஸைத் துடைத்து எறிந்தார்.

புழு என்றால் என்னவென்று அன்று மாலை யேசுபாதம் சொல்லித்தான் வாய்புலுவுக்குத் தெரிந்தது. “ஆண்டவர் முன்னால் நான் அதைவிடச் சின்னவன்” என்று சொல்லி முழந்தாளிட்டார். அன்று முதல் அவருடைய ஜெபத்தில் நஞ்சப்பனின் பெயரும் சேர்ந்துகொண்டது.

ஏழாம் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, தாயின் அழைப்பு வந்தது. தோட்டத்தில் வேலையாக இருந்த தந்தை சரிந்து விழுந்தவர் எழவில்லை. ஊழியத்தை நடத்துகிற தலைவர் உடனே அழைத்து, “நீங்கள் ஊருக்குப் போகலாம், இருக்கவும் செய்யலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்” என்றார். வாய்புலு தாயிடம் கேட்டார். அந்த அம்மாள், “உங்கப்பா என்ன சொல்லியிருப்பார்னு உனக்குத் தெரியும். மத்தபடி உன் இஷ்டம்பா” என்றார்.

அவர் இருந்துவிட்டார். அடக்கத்தைக் கைபேசியின் சிறிய திரையில் பார்த்தார். பெட்டியைத் தம்பிகளும் சித்தப்பாமார்களும் சுமந்து போனார்கள். அந்தத் தோள்களுக்கு நடுவே மூத்த மகனின் தோள் இல்லை. அன்று ஜெபிக்க உட்கார்ந்தவருக்கு வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. “அப்பாவை நான் தூக்கவில்லையே” என்பதை மட்டும் தம் மொழியில் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். மறுநாள் வழக்கம்போல் சட்டையைத் துவைத்தார், தெருவுக்குப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை காலை, அவர்கள் வாசலில் நஞ்சப்பன் நின்றார். கண்கள் வீங்கியிருந்தன.

“தம்பி… எங்கப்பா தவறிட்டாருங்க. பட்டறைக்கு மேலதான் வீடு. சுருள் படிக்கட்டு. ரெண்டு பேர் தூக்கினா திரும்ப முடியல. ஒத்த ஆளுக்குப் பாரம் தாங்கல. எனக்கு வவுத்துல ஆபரேசன் பண்ணி ஒரு மாசந்தான் ஆகுது. உங்களைக் கேக்க எனக்கு மொகமில்லீங்க…”

அவர் முடிப்பதற்குள் வாய்புலு கிளம்பிவிட்டார்.

படியடியில் காலணிகளைக் கழற்றியபோது உறவினர் ஒருவர் தடுத்தார். “ஏப்பா நஞ்சப்பா, வேத்து மதத்துக்காரன் தொட்டுத் தூக்கறதா?”

“அப்ப நீங்க வந்து தூக்குங்க மாமா.”

மாமா விலகி வழிவிட்டார்.

மேலே, இறந்தவரின் மனைவி கணவரின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். வாய்புலு குனிந்து, “அம்மா, ஐயாவை எப்படிப் பிடிக்க வேண்டும்?” என்று கேட்டார். அந்த அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். “பாத்துங் கண்ணு. தலை இடிச்சுரப் போவுது” என்றார்.

பிள்ளையை ஏந்துவதுபோல் பெரியவரை இரு கைகளிலும் ஏந்தி, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார் வாய்புலு. பெரியவரின் தலை தம் மார்பில் சாய்ந்திருக்கும்படி பார்த்துக்கொண்டார். இரும்புக் கம்பி அவருடைய முழங்கையைச் சிராய்த்தது. வெள்ளைச் சட்டையில் ரத்தம் ஊறியது. நடுத் திருப்பத்தில் ஒரு கணம் நின்றுவிட்டார். களைப்பு என்று கீழே நின்றவர்கள் நினைத்தார்கள். கையில் கனத்த பாரம் எதுவென்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

கீழே பெஞ்சில் கிடத்தியபின் குலுங்கி அழுதார். நஞ்சப்பன் திகைத்துப்போய், “நீங்க எதுக்குங்க தம்பி அழுகறீங்க?” என்று கேட்டார்.

“போன வாரம் என் அப்பா இறந்தார். அவரை நான் தூக்கவில்லை.” தமிழ்ச் சொற்களைத் தேடி நிறுத்தினார். “இன்றைக்கு ஆண்டவர் தூக்கக் கொடுத்தார்.”

நஞ்சப்பன் அந்த ரத்தம் படிந்த கையைத் தம் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பாடை புறப்படும்போது, “எங்கப்பாவுக்கு ஒரு தோள் குடுங்க தம்பி” என்றார். தடுத்த மாமாவே நகர்ந்து இடம் கொடுத்தார். மற்ற மூவரும் குட்டை. பாடை ஒரு பக்கம் சாயாதிருக்க, மயானம் வரையில் முழங்காலை மடக்கியே நடந்தார் வாய்புலு.

அவருடைய ஊழிய நாட்களில் அந்தத் தெருவிலிருந்து எவரும் அவர் சபையில் சேரவில்லை, நஞ்சப்பனும் சேரவில்லை. ஆயினும், வேண்டுதலாகச் சொல்லத் தெரியாத ஒரு மகனின் அழுகையைக் கேட்டு, சில நாட்களிலேயே பதில் அனுப்பினார் இறைவன். இகழ்ந்தவர் வீட்டுத் துயரைத் தம் கையில் ஏந்தி, அதில் தம் தந்தையைக் கண்டுகொண்ட அந்த இளம் அடியாரின் அன்பு பெரிது.