சம்பந்தி வந்த அன்று நீச்சல்குளம்

கோயம்புத்தூரில் மில் வைத்திருந்த சென்னியப்பனின் பங்களாவில் நீச்சல்குளத்தைப் பராமரித்தவள் மாரக்காள். அன்று சம்பந்தி வீட்டார் பேரக்குழந்தைகளோடு வருவதாக இருந்தது. குளத்துத் தண்ணீரோ பாசி பிடித்துப் பச்சையாகக் கிடந்தது.

“அளவா குளோரின் போடறனுங்க. நாளைக்கு இறங்கலாம்,” என்றாள் மாரக்காள்.

“இன்னைக்கே இறங்கணும். எனக்கே சொல்லித் தர்றியா?” என்ற சென்னியப்பன், ஒரு வாளி குளோரினை அவரே கொட்டினார். நெடி மூக்கைத் துளைத்தது.

விருந்தாளிகள் வந்தார்கள். “குழந்தைங்களுக்குக் கண்ணு எரியாதா?” என்று சம்பந்தியம்மா தயங்கினார்.

சென்னியப்பன் மாரக்காளிடம் திரும்பினார். “நீ முதல்ல இறங்கு. உனக்கு எரியலைன்னா அப்புறம் குழந்தைங்க இறங்கட்டும்.”

மாரக்காள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“போன மாசம் என்ற மக இதுல காலை நனைச்சதுக்கு, தீட்டுன்னு மொத்தத் தண்ணியவும் மாத்தச் சொன்னீங்க. இன்னைக்கு நான் இறங்குனா மறுபடியும் மாத்தோணும். குழந்தைங்க ஏமாந்து போகுமுங்க. தீட்டில்லாத காலு உங்களுதுதான். நீங்களே இறங்கிப் பாருங்க.”

சம்பந்தியம்மா பேரனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அவ சொல்றது சரிதான். இறங்குங்க சம்பந்தி.”

சென்னியப்பன் கடைசிவரை செருப்பைக் கழற்றவேயில்லை.