பட்டம் தந்தவர் மேடைக்கு வரலாம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அன்று பந்தலில் நாற்காலி போட்டவர் சொன்னது.

கூவலூர்த் திருவிழாவில் மைக் பிடித்து அறிவிப்பவள் தவக்கொடி. பட்டிமன்றத்துக்கு வந்த பேச்சாளர் தணிகைவேல் தன் பட்டங்களை எழுதி அவளிடம் நீட்டினார்.

"ஒண்ணை விட்டாலும் நாளைக்கு இந்த மைக் உன் கையில இருக்காது." பக்கத்தில் நின்ற விழாக்குழுத் தலைவரும் தலையாட்டினார்.

"ஒண்ணையும் விடமாட்டேங்கய்யா."

ஒருவருடைய பட்டத்தைச் சொன்னால், அதைத் தந்தவரையும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவது அவ்வூர் வழக்கம். தவக்கொடி பொன்னாடையோடு நின்றாள்.

"பேச்சுப் பெருமழை! இந்தப் பட்டத்தைத் தந்தவங்க மேடைக்கு வாங்க."

கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஒருவரும் எழவில்லை.

"வாதக்கடல்! இதைத் தந்தவங்க?"

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

"எழுத்துச் சூறாவளி! தலைவரே, நீங்க தந்ததா?"

தலைவர் அவசரமாகக் கையை விரித்தார்.

தணிகைவேல் அவள் அருகே வந்து பல்லைக் கடித்தார். "போதும்மா. பேரை மட்டும் சொல்லு."

"இன்னும் நாலு பட்டம் இருக்கேய்யா," என்றாள் அவள், மைக்கிலேயே. "விட்டா மைக்கைப் பிடுங்கிடுவேன்னு சொன்னீங்களே."

கூட்டம் மொத்தமும் அவர் முகத்தையே பார்த்தது. அவரும் அதே மைக்கில்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"பிடுங்கமாட்டேன்."

இந்த வருஷத் திருவிழாவுக்கு நானே போய்ப் பார்த்தேன். அறிவிப்பது தவக்கொடிதான்.